ஊசி போடாத மூன்று நாட்கள்

என் அண்ணனுக்கு நான் பதினான்கு மாதம் ஊசி போட்டேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட அவர்மேல் எனக்கு இரக்கம் வந்ததில்லை. இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இனிமேலாவது நல்லவளாக எழுதிவிட்டுப் போகலாமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் நடந்தது அப்படி இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. முத்தியால்பேட்டையில் ஓட்டு வீடு எங்களுடையது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கொஞ்சம் கொல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அண்ணன், அண்ணி, நான் மூன்று பேர்தான். அண்ணன் மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயது, நல்ல உயரம், கையைக் காலை வீசி நடக்கிற ஆள். நான் அவரைவிட ஏழு வயது இளையவள். வீட்டில் எல்லோருக்கும் நான் பாப்பா.

எனக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிக்கிற அறையில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை. ஆஸ்பத்திரியில் பழைய ஆட்கள் அந்த அறையை 'லபோ' என்பார்கள். அங்கே நர்சு வேலை பார்த்த ஒரு கன்னியாஸ்திரீ, எல்லோரும் 'மசேர்' என்று கூப்பிடுகிறவர், அம்மாவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்டவர். அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். ஒரு வருஷம் குழாய் கழுவினேன். என் கை நடுங்காது என்று தெரிந்த பிறகு சிறுநீர் சோதனையையும் என்னிடம் விட்டுவிட்டார்கள். நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறத்தில் அடியில் படிந்தால் மிக அதிகம். என் நாள் முழுக்க இந்த நிறங்களோடுதான் போகும்.

ஆஸ்பத்திரிக்கு வேண்டிய சீட்டுகளை அச்சடித்துக்கொண்டு வந்து கொடுப்பார் ஒருவர். அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவர். விரல் நுனியெல்லாம் எப்போதும் மை. எங்களுக்குள் என்ன பேச்சு, எப்படி ஆரம்பித்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர் வேதக்காரர். சாதி வேறு, சாமி வேறு. ஆனாலும் ஒளிந்து மறைந்து எதுவும் செய்கிற ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணனிடம் என்னைப் பெண் கேட்டார்.

அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. உட்காரச் சொன்னார். அண்ணியைக் காபி போடச் சொன்னார். "யோசிச்சிச் சொல்றேன்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். மறுநாள் மில்லிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அச்சாபீஸ் வாசலுக்குப் போய், வெளியே கூப்பிட்டு, நடுத்தெருவில் வைத்துச் செருப்பால் அடித்தார். தெருவில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். எனக்கு இது அன்று தெரியாது. சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணியிடம் சொன்னார்: "செருப்பு வார் அறுந்துபோச்சு. வேற வாங்கணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக் காவல்காரர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த மனிதர் அதே வாரம் கடலூருக்குப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நான் அண்ணனோடு பேசுவதில்லை. அவரும் என்னோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில், ஒரே குண்டானில் பொங்கிய சோற்றைத் தின்றுகொண்டு, இரண்டு பேரும் அண்ணி வழியாகத்தான் எதையும் சொல்வோம்.

மூன்று மாதம் கழித்து அவருக்குத் தாகம் ஆரம்பித்தது. முதலில் ஒரு செம்பு, பிறகு ஒரு கூஜா, பிறகு குடத்தையே சாய்த்துக் குடித்தார். குடித்த தண்ணீர் எல்லாம் கொல்லைக்குப் போனது. தின்கிற சோறும் அளவில்லாமல் போனது. ஆனால் சட்டை மட்டும் வாரத்துக்கு வாரம் தொளதொளவென்று ஆனது. ஒரு நாள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இந்தச் செவுத்தோரம் எறும்பு ஏன் இப்டி மொய்க்குது? நானும் தண்ணி ஊத்தி ஊத்திப் பாக்கறேன். போவ மாட்டேங்குது."

அந்தச் சுவரோரம் அண்ணன் ஒன்றுக்குப் போகிற இடம். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அண்ணியிடம் ஒரு சீசாவைக் கொடுத்து அவருடைய சிறுநீரைப் பிடித்துத் தரச் சொன்னேன். மறுநாள் லபோவில் காய்ச்சினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, நிற்காமல் போய், செங்கல்லை அரைத்துக் கரைத்தது போல் அடியில் கனமாகப் படிந்தது. அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு முதலில் வந்த எண்ணம்: நல்லா வேணும்.

டாக்டர் பிரான்சில் படித்துவிட்டு வந்தவர். தமிழர்தான். தலை நரைத்தவர். யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஊரில் அவரை எல்லோரும் 'முசியே' என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் பார்க்க மாட்டார். அண்ணனை நிற்க வைத்து மேலும் கீழும் பார்த்தார்.

"சின்ன வயசு, ஒல்லி. பத்தியமெல்லாம் இவனுக்குப் பத்தாது. ஊசிதான். தெனம் ரெண்டு வேள. உயிரோட இருக்கற வரைக்கும்."

"தெனம் யார் வந்து போடுவாங்க முசியே?" என்று அண்ணி அழுதார்.

பக்கத்தில் நின்ற மசேர் என்னைக் காட்டினார். "தங்கச்சி இங்கதான் இருக்கா. நான் கத்துக்குடுத்துடறேன்."

அண்ணன் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. "அவளா?" என்றார்.

"ஏன், அவளுக்கென்ன?" என்றார் டாக்டர். "அவ கை நடுங்கறதில்ல."

இப்படித்தான் அது என் தலையில் விழுந்தது. மருந்துப் புட்டியைக் குளிர்ச்சியாக வைக்க மண்பானையில் மணல் போட்டு ஈரமாக்கி அதில் புதைத்து வைப்போம். கண்ணாடிச் சிரிஞ்சையும் ஊசியையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் அவற்றைச் சின்ன ஏனத்தில் கொதிக்க வைப்பது அண்ணி வேலை. கொதித்து ஆறியதும் மருந்தை ஏற்றிக்கொண்டு நான் போவேன். அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். வேட்டியை ஒதுக்கித் தொடையைக் காட்டுவார். நான் தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்துவேன். குத்தி எடுத்ததும் அவர் சுவரைப் பார்த்தபடியே அண்ணியிடம் சொல்வார்: "முடிஞ்சா அவளப் போவச் சொல்லு." நான் அங்கேயே நின்றுகொண்டு அண்ணியிடம் சொல்வேன்: "அரமணிக்குள்ள சாப்பிடச் சொல்லுங்க."

ஊசியை வாரத்துக்கு ஒரு முறை கல்லில் தீட்ட வேண்டும். சில வாரம் நான் தீட்டாமல் விட்டேன். மழுங்கின ஊசி தோலில் இறங்கும்போது ஒரு சத்தம் கேட்கும். அவர் பல்லைக் கடிப்பார், வாய் திறக்க மாட்டார். வலிக்கிறது என்று என் எதிரில் சொல்லிவிடக் கூடாது, அதுதான் அவருக்கு முக்கியம். சொல்ல வைத்துவிட வேண்டும், அதுதான் எனக்கு.

ஒரு முறை ஊசி போட்ட பிறகு வேண்டுமென்றே சாப்பிடாமல் மில்லுக்குக் கிளம்பினார். வாசல்படியிலேயே உடம்பெல்லாம் வியர்த்து, கை வெடவெடவென்று ஆடி, கண் செருகி உட்கார்ந்துவிட்டார். மருந்து இருக்கிறது, அது வேலை செய்யச் சர்க்கரை இல்லை. நான் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அவர் வாயைப் பிளந்து ஊற்றினேன். கொஞ்சம் தெளிந்ததும், வாயில் மிச்சம் இருந்ததை என் முகத்தில் துப்பினார். அண்ணி முந்தானையால் என் முகத்தைத் துடைக்க வந்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அண்ணி என்ன பாவம் செய்தார், எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டதைத் தவிர?

பதினான்காவது மாதம் ஒரு கடுதாசி வந்தது. அண்ணனுக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட், பகலில் வீட்டில் இருந்தார். தபால்காரர் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் சாயங்காலம் ஊசிக்குத் தயார் செய்யும்போது அண்ணி என் காதோரம் வந்து சொன்னார்.

"உனக்குன்னு ஒரு லெட்டர் வந்துது பாப்பா. கடலூர் முத்திரைன்னாரு. உங்கண்ணன் பிரிக்காமலே அடுப்புல போட்டுட்டாரு."

நான் மருந்தை ஏற்றிக்கொண்டு கட்டில் பக்கம் போனேன். ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக அவரிடம் பேசாத நான் அன்றைக்குப் பேசினேன்.

"லெட்டர் எங்க?"

அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். "அடுப்புல."

"என்னா எழுதியிருந்துது?"

"அடுப்பக் கேளு."

"இத பாரு," என்றேன். அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "நீ உசுரோட இருக்கறது என் கையில இருக்குது. அத மறந்துட்டுப் பேசாத."

அவர் திரும்பினார். எழுந்து உட்கார்ந்தார். நான் பயந்து பின்வாங்குவேன் என்று நினைத்திருப்பார். நான் நகரவில்லை. ஓங்கி என் கையில் ஒரு அடி அடித்தார். சிரிஞ்சு பறந்துபோய்ச் சுவரில் மோதித் தூள் தூளானது.

"இனிமே உன் கை என் மேல படக்கூடாது. நீ போடற ஊசில பொழைக்கறதவிடப் பாவக்காச் சாறு குடிச்சிட்டுச் செத்துப்போறேன்."

"சரி," என்றேன் நான்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மூன்று நாள் நான் எதுவும் செய்யவில்லை.

லபோவில் வேறு சிரிஞ்சு இருந்தது. மசேரிடம் கேட்டிருந்தால் ஒரு பேச்சும் பேசாமல் எடுத்துக் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் நாள் அவர் பாவக்காய்ச் சாற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். அவர் கிளம்புவதற்குள்ளேயே கொல்லையில் குடம் காலி. இரண்டாம் நாள் காலையில் வாந்தி. சுவரோரம் எறும்பு திரும்ப வந்துவிட்டது. சாரி சாரியாக வந்தது. நான் முகம் கழுவிக்கொண்டே அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். போய், ஊரார் சிறுநீரை எல்லாம் காய்ச்சி, நிறம் பார்த்து, சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ஊசி போட்டுடேன் பாப்பா. அவரு கோவத்துல சொன்னதப் பெருசா எடுத்துக்காத."

"அவரு கேக்கட்டும்."

"அவரு கேக்க மாட்டாரும்மா. உனக்குத் தெரியாதா?"

"அப்பன்னா எனக்கும் போட முடியாது."

உள்ளே அவர் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். ஒரு இருமல்கூட வரவில்லை.

அந்த மூன்று நாளில் அவருக்குள் என்ன நடந்தது என்பதை இன்றைக்கு என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். இரத்தம் முழுக்கச் சர்க்கரை தேங்கி நிற்கிறது. ஆனால் தசைக்குள் அது நுழைய வேண்டுமானால் அந்த ஊசி மருந்து வேண்டும். மருந்து இல்லாததால், உடம்பின் ஒவ்வொரு துணுக்கும் சர்க்கரைக்கு நடுவில் கிடந்துகொண்டே பட்டினி. தேங்கிய சர்க்கரையைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. சர்க்கரை தனியாகப் போகாது, தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும், கூடவே உப்புகளும் போகும். அதனால்தான் அந்தத் தாகம், அந்தக் காலிக் குடம். பட்டினி கிடக்கிற உடம்பு வேறு வழியில்லாமல் தன் கொழுப்பைத் தானே எரிக்கிறது. எரித்ததில் மிஞ்சுவது அமிலம். நல்ல உடம்பில் இரத்தம் இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் இருக்கும். அது அமிலத்தின் பக்கம் சாய ஆரம்பித்ததும் நுரையீரல் மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து வெளியே விட்டு அதைச் சரிக்கட்டப் பார்க்கும். சிறுநீரகமும் தன்னால் ஆனதைச் செய்யும். ஆனால் தண்ணீர் வற்றிவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

இவ்வளவும் அப்போது எனக்கு இப்படிக் கோவையாகத் தெரியாது. ஆனால் தெரிய வேண்டிய அளவுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே மூச்சுச் சத்தம் கேட்டது. தறிப்பட்டறையிலிருந்து ஓடி வந்தவர்போல், ஆனால் அவசரமே இல்லாமல், நீளமாக, ஆழமாக, ஒரே சீராக. உள்ளே அண்ணியும் பக்கத்து வீட்டுப் பெண்மணியும் கட்டிலருகில் நின்றிருந்தார்கள். அறை முழுக்க அழுகின அன்னாசிப் பழ வாடை.

"சாராயம் குடிச்சிருக்காரு," என்றார் பக்கத்து வீட்டுப் பெண்மணி. "தெளிஞ்சா எழுந்திருப்பாரு. தண்ணி மட்டும் குடுக்காத. குடிச்சதெல்லாம் வாந்தியாப் போவுது பாரு."

"காலைலேர்ந்து தண்ணி குடுக்கலியா அண்ணி?"

"துணிய நனச்சி ஒதட்டுல வெச்சேன். அவ்ளோதான்."

நான் குனிந்தேன். அந்த வாடை சாராயம் இல்லை. நாக்கு செருப்புத் தோல்போல் காய்ந்து கிடந்தது. கையில் தோலைக் கிள்ளிவிட்டேன். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது, பழையபடி படியவே இல்லை. கண் பாதி திறந்திருந்தது. "ண்ணா" என்றேன். பதில் இல்லை. அப்போதுதான் எனக்குக் கை நடுங்கியது. ஆயுளில் முதல் தடவை.

தெருமுனையிலிருந்து ரிக்ஷாவைப் பிடித்து வந்தேன். அண்ணியும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தோம். ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் அந்த மூச்சு என் தோளில் அடித்துக்கொண்டே வந்தது.

டாக்டர் ஒரு பார்வைதான் பார்த்தார். "சிறுநீர் கொண்டா" என்றார். மசேர் குழாய் வைத்து எடுத்த கொஞ்சத்தை நானே லபோவுக்குக் கொண்டு போனேன். செங்கல். அமிலம் பார்க்கிற அடுத்த மருந்தில் விட்டதும், நாவல்பழச் சாறுபோல் கருத்த ஊதா. அந்த ஊதாவை நான் அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டு பேரும் பிழைக்கவில்லை. இரண்டு குழாயையும் கொண்டு போய் டாக்டர் முன் நீட்டினேன். அவர் குழாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளா ஊசி இல்ல?"

"மூணு நாள், முசியே."

"நீ எங்க போயிருந்த?"

"எங்கயும் போவல. வீட்லதான் இருந்தேன்."

"தண்ணி குடிச்சிக்கிட்டே இருந்ததப் பாத்தியா?"

"பாத்தேன்."

"வாந்தி?"

"பாத்தேன்."

"என்னான்னு தெரியுமா தெரியாதா உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். குழாய் கழுவுகிறவள், எனக்கென்ன தெரியும் என்றிருந்தால் அவர் நம்பியிருப்பார். "தெரியும்," என்றேன்.

அவர் என்னை விட்டுத் திரும்பினார். மசேரிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். கண்ணாடிப் புட்டியில் உப்புநீரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, சிவப்பு ரப்பர் குழாய் வழியாகக் கையில் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்கவில்லை. தண்ணீர் வற்றி நரம்பெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. நாலாவது குத்தில்தான் கிடைத்தது. ஒரு புட்டி முடிந்ததும் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஊசி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். மணிக்கு ஒரு முறை சிறுநீரை எடுத்து என்னிடம் அனுப்புவார்கள். நான் காய்ச்சி நிறத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும். செங்கல், செங்கல், திரும்பச் செங்கல். பொழுது சாய்கிற நேரத்தில்தான் முதல் தடவையாக ஆரஞ்சாக வந்தது. என்னை அந்த வேலையிலிருந்து ஏன் எடுக்கவில்லை என்று நான் பல நாள் யோசித்தது உண்டு. வேறு ஆள் இல்லாததுதான் காரணம். டாக்டருக்குக் கருணை கிருணை ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் மூச்சு அடங்கி, சாதாரண மனிதர் மூச்சாகிவிட்டது. ஆனால் தலையைத் தூக்க முடியவில்லை அவரால். கழுத்து ஈரத் துணிபோல் துவண்டது. கால் விரலை ஆட்டச் சொன்னார் டாக்டர், ஆடவில்லை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அழாத," என்றார் டாக்டர். "ஒடம்புலேர்ந்து போன உப்பு ஒண்ணு ரெண்டு இல்ல. நாம குடுத்தது ஒரு உப்புதான். இன்னொண்ணு கொறையுது. போய் எளநீ வாங்கிட்டு வா. முழுங்க முடியுதுல்ல? மெதுவாக் குடு."

இளநீர் நான்தான் வாங்கி வந்தேன். கோப்பையில் ஊற்றி அண்ணன் வாயருகே கொண்டு போனேன். அவர் கண்ணைத் திறந்து நான் யார் என்று பார்த்தார். தலையைத் திருப்பக்கூட வலு இல்லாதவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். நான் கோப்பையை அண்ணியிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். அண்ணி கொடுத்ததும் குடித்தார்.

சாயங்காலம் டாக்டர் வந்தபோது அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. என்னைக் கையால் காட்டினார். கை அந்த அளவுக்குத் தூக்க வந்துவிட்டது.

"முசியே, இவ என்னக் கொல்லப் பாத்தா."

வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நான் மறுக்கவில்லை.

"ஆமா," என்றார் டாக்டர். "நீயும் உன்னக் கொல்லப் பாத்த. ரெண்டு பேருக்கும் ஒரே வேல. எழுந்திரிச்சி ஒக்கார முடிஞ்சதும் ஊசி போடக் கத்துக்க. உன் கையாலயே போட்டுக்க. இல்லன்னா இங்க வராத."

வெளியே தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். "நாளைக்கு வேலைக்கு வா. ஆனா என் எதுருல நிக்காத. தெரியாம ஒரு ஆளச் சாவ வுட்டவங்களப் பாத்திருக்கேன். நெறத்தப் படிக்கத் தெரிஞ்சிக்கிட்டே வுட்டவ நீ ஒருத்திதான்."

அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. ஆனால் அண்ணன் செருப்பால் அடித்ததை இவர் யாரிடம் கேட்டார் என்ற கோபமும் அதே நேரத்தில் வந்தது. அந்த இரண்டும் இன்றுவரை என்னிடம் ஒன்றை ஒன்று தின்னாமல் இருக்கின்றன.

நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. மசேர் தங்கள் மடத்தை ஒட்டி வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று இருந்த விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார். அண்ணி என் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். "அவரு அனுப்பலம்மா, நானாத்தான் கொண்டாந்தேன்" என்றார். அண்ணன் பத்து நாளில் ஊசி போடக் கற்றுக்கொண்டாராம். முதல் தடவை இரண்டு இடத்தில் குத்தி இரத்தம் வந்து, மூன்றாவதில்தான் போட்டாராம். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம்தான்.

கடலூர்க்காரர் அந்தக் கடுதாசியில் என்ன எழுதியிருந்தார் என்று ஒரு நாள் நேரிலேயே போய்க் கேட்டுவிட்டேன். அவருக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. கல்யாணத்தைச் சொல்லத்தான் எழுதினாராம். அந்த ஒரு கடுதாசிக்காக என் அண்ணனை நான் சாக விட்டிருந்தால்? பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் சரியாகிவிட்டிருக்குமா என்றும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் அண்ணி ஒரு சீசாவில் அவருடைய சிறுநீரைக் கொண்டு வருவார். நான் காய்ச்சி ஒரு துண்டுச் சீட்டில் நிறத்தை எழுதித் தருவேன். 'பச்சை'. 'மஞ்சள், அளவைக் கூட்டச் சொல்லவும்'. அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் வந்ததில்லை.

அண்ணி முதல் பிரசவத்துக்குப் படுத்திருந்த வாரம் அவரே வந்தார். லபோ ஜன்னலுக்கு வெளியே நின்றார். முடி பாதி நரைத்துவிட்டது. கன்னம் ஒட்டியிருந்தது, ஆனாலும் நேராக நின்றார். சீசாவை ஜன்னல் கட்டையில் வைத்தார். நான் அதை எடுக்கவில்லை, அவர் வைத்துவிட்டுப் போகவும் இல்லை.

"பொண்ணு பொறந்திருக்குது," என்றார்.

"கேள்விப்பட்டேன்."

பின்னால் வரிசையில் நின்ற ஆள் சலித்துக்கொண்டார். அண்ணன் திரும்பி அவரை ஒரு முறை முறைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அன்னிக்கு நான் செத்துருந்தா நீ அழுதிருப்பியா?"

நான் நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். "இல்ல."

"தெரியும்," என்றார். "நானும் உனக்கு அழுதிருக்க மாட்டேன்."

சீசாவை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துக் காய்ச்சினேன். பச்சையில் நின்றது. சீட்டில் எழுதி நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிரசவ வார்டு இருந்த பக்கம் நடந்து போனார்.